ஜஸ்பால் பட்டியும் பதினோரு ஐயோக்களும்

போன மாதம் ஒரு சாயங்காலம். ஆபீஸ் ஆணி எல்லாம் புடுங்கி முடித்து, புனே டிராஃபிக்கில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தால், பையன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"அப்பா, ஆண்டு விழா நாடகத்துல எனக்குத்தான் பெரிய ரோல்!"

எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வருடம் வரை மரம், சூரியன், கூட்டத்தில் ஒருவன் என்று நடித்துக்கொண்டிருந்தவன். எனக்கும் பெருமைதான்.

"என்னடா ரோல்?"

"மதராஸி அங்கிள்!"

ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு அபார்ட்மெண்ட். அதில் ஒரு பஞ்சாபி, ஒரு குஜராத்தி, ஒரு பெங்காலி, ஒரு மதராஸி. தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றுமையாகிவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மதராஸி அங்கிள் எப்படி வருகிறார் தெரியுமா? வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றி முழுக்கப் பட்டை போட்டு, கையில் இட்லி தூக்குடன். வாயைத் திறந்தால் "ஐயோ ஐயோ". மொத்தம் பதினோரு ஐயோ. எண்ணினேன். ஆடிட் புத்தி, என்ன செய்வது :-)

குஜராத்தி கஞ்சனாம். பெங்காலி மீனை விட மாட்டானாம். பஞ்சாபி? வேறென்ன, மடையன். பன்னிரண்டு மணி ஆனால் குழம்பிப்போகிறவன்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து உங்க மிஸ்கிட்ட பேசறேன்" என்றேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. "அப்பா ப்ளீஸ், ரோல் போயிடும்."

தங்கமணி அடுப்படியிலிருந்தே, "என்னங்க, சின்னப் பசங்க நாடகம். இதுக்குப் போய் சண்டைக்கு நிக்கணுமா? நீங்க சொல்லாத சர்தார்ஜி ஜோக்கா?" என்றாள்.

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அவள் சொன்னது நிஜம். அந்த நிஜத்துக்குள் ஒரு மனிதரின் முகம் இருக்கிறது. அவரைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்: ஜஸ்பால் பட்டி.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

1989. கும்பகோணம். எனக்கு ஒன்பது வயது. எங்கள் தெருவில் இரண்டே வீட்டில்தான் டிவி. ஒரே சேனல், தூர்தர்ஷன். இந்தி யாருக்கும் புரியாது, ஆனாலும் எல்லாரும் பார்ப்போம். கரண்ட் இருக்கும்போது டிவியை அணைப்பது பாவம் என்று நினைத்த காலம். அப்போது ஒரு நாள், தலைப்பாகையும் தாடியுமாக ஒருவர் வந்தார். சிரிக்கவே இல்லை. மூஞ்சியை அப்பாவியாக வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு சினிமாப் பாட்டு மெட்டில் கோணல்மாணலாகப் பாடினார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு தபால் இலாகா மாமாவுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம்.

அதுதான் 'ஃப்ளாப் ஷோ'. 1989-ல் வந்தது. மொத்தமே பத்து எபிசோட். பத்தே பத்து! இன்றைக்கு ஒரு மெகா சீரியலில் கதாநாயகி மாடிப்படி இறங்குவதற்கே பத்து எபிசோட் ஆகிறது. அந்தப் பத்தை வைத்துக்கொண்டு வட இந்தியாவில் ஒரு தலைமுறையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஜஸ்பால் பட்டி முழுதாகப் புரிந்தது 2010-ல்தான். திருச்சியில் பி.காம். முடித்து, 2001-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, பரீட்சை எழுதி ஆபீசர் ஆனேன். புரமோஷனோடு கையில் கொடுத்த காகிதத்தில் 'லூதியானா' என்று இருந்தது. மேப்பில் தேடித்தான் கண்டுபிடித்தோம்.

சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டு மேஜையில் எல்லாரோடும் சகஜமாகப் பழக வேண்டுமே என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஒரு ஜோக் சொன்னேன். எந்த ஜோக் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மூர் வாரப் பத்திரிகைகளில் பக்கம் நிரப்ப வரும் அதே பன்னிரண்டு மணி சமாச்சாரம். லூதியானாவில் உட்கார்ந்துகொண்டு, எதிரே மூன்று தலைப்பாகைகளை வைத்துக்கொண்டு! எவ்வளவு கூறுகெட்டவனாக இருந்திருக்கிறேன் பாருங்கள். அது வெறும் ஜோக்தானே என்று அப்போது மனதார நம்பினேன்.

எங்கள் ஹெட் கேஷியர் முதலில் சிரித்தார். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்த பெரியவர். மற்றவர்களும் சிரித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராஜ்மாவை என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். அன்று மாலை கேஷ் டேலி ஆகும்வரை கூட உட்கார்ந்திருந்தபோதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தார். "மேனேஜர் சாப், இந்தி கத்துக்க இது நல்லா இருக்கும். எங்க ஊர் ஆளு" என்றார். ஃப்ளாப் ஷோ.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கமணியும் மொத்தப் பத்தையும் பார்த்தோம். ஒரு எபிசோடில் பிஎச்.டி. மாணவன் ஆராய்ச்சியை விட்டுவிட்டு கைடு வீட்டு வேலையெல்லாம் செய்துகொண்டிருக்கிறான். இன்னொன்றில் பொய் மருத்துவ பில் போட்டுப் பணம் பார்க்கும் உத்தியோகஸ்தர்கள். செத்துப்போன டெலிபோனுக்காக அல்லாடும் குடும்பம், கட்டுவதைவிட அமுக்குவதில் கெட்டிக்காரரான காண்டிராக்டர், மீட்டிங் போட்டே பொழுதை ஓட்டும் அலுவலகம், விழாவுக்குச் சீஃப் கெஸ்ட் பிடிக்கும் கூத்து. டைட்டிலில் 'இயக்கம்' என்று போடாமல் கோணல் இயக்கம் என்ற அர்த்தத்தில் தன் பேரைப் போட்டுக்கொண்டார். மருத்துவ பில் எபிசோடைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. வங்கியில் பில் பாஸ் பண்ணுகிறவனுக்கு அது காமெடி மட்டும் இல்லை ஐயா, டாக்குமெண்டரி.

பத்து எபிசோடும் முடிந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. எனக்கு நினைவிருக்கிறவரை, தலைப்பாகையை வைத்து ஒரு ஜோக் இல்லை. பன்னிரண்டு மணி இல்லை. கதாநாயகனே சர்தார், எழுதி இயக்கியவரும் அவரே. ஆனாலும் 'சர்தார்' என்பதற்காக ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

பெரியவர் என்னைத் திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். சிடியைக் கொடுத்தது மறக்கவில்லை. சொல்லிக் காட்டத்தான் கொடுத்தாரா, நிஜமாகவே இந்தி கற்றுக்கொள்ளத்தான் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் சர்தார்ஜி ஜோக் சொன்னதில்லை. தங்கமணிக்கு அதற்கு முன்பு சொன்னவைதான் ஞாபகம் இருக்கின்றன!

இனி ஆளைப் பற்றி. ஜஸ்பால் பட்டி 1955 மார்ச் 3-ம் தேதி அமிர்தசரஸில் பிறந்தவர். சண்டிகர் பஞ்சாப் இன்ஜினியரிங் காலேஜில் எலெக்ட்ரிகல் படித்தார். படிக்கும்போதே நண்பர்களோடு சேர்ந்து 'நான்சென்ஸ் கிளப்' என்று ஒன்று ஆரம்பித்து, ஊழலையும் அரசியலையும் கிண்டல் செய்து தெருமுனை நாடகம் போட்டார். பிறகு 'தி ட்ரிப்யூன்' பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட். அதற்கப்புறம் தூர்தர்ஷன் காலை ஒளிபரப்பில் 'உல்டா புல்டா' என்று சில நிமிடத் துணுக்குகள். அங்கிருந்துதான் ஃப்ளாப் ஷோ.

கார்ட்டூனிஸ்டாக இருந்தவர் என்பது முக்கியம். கார்ட்டூனுக்கு ஒரு கட்டம்தான் இடம். அதற்குள் விஷயம் முடிய வேண்டும். அவருடைய காட்சிகளும் அப்படித்தான். நீட்டி முழக்க மாட்டார். பின்னணியில் சிரிப்புச் சத்தம் போட்டு நம்மைக் கிச்சுகிச்சு மூட்ட மாட்டார். செட்டா? பெரிதாக ஒன்றும் கிடையாது. நம் வீட்டுக் கூடம் மாதிரி ஒரு கூடம், நம் ஆபீஸ் மாதிரி ஒரு ஆபீஸ். மனைவி சவிதா பட்டிதான் அதிலும் மனைவி, தயாரிப்பும் அவரே. எபிசோடுக்கு எபிசோடு வேறு வேறு வேஷத்தில் விவேக் ஷௌக். சொற்ப பட்ஜெட். அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் அதிகாரிகளைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அரசாங்கத்தைக் கிண்டல் செய்யும் ஒரு நிகழ்ச்சி அரசாங்க டிவியிலேயே வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம். வந்த வருடம் 1989 என்பதைக் கவனியுங்கள். 1984-க்கு ஐந்து வருடம் கழித்து. பஞ்சாபில் 1987-லிருந்து ஜனாதிபதி ஆட்சி, துப்பாக்கிச் சத்தம் ஓயாத காலம். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சீக்கியரைக்கூட நேரில் பார்க்காத எங்களுக்குத் தலைப்பாகை என்றால் இரண்டே அர்த்தம்தான். பேப்பரின் முதல் பக்கத்தில் பயம், பின் பக்கத்தில் ஜோக். இரண்டுக்கும் நடுவே, டெலிபோன் வேலை செய்யவில்லையே என்று அலைகிற ஒரு சாதாரணக் குடும்பஸ்தனாக ஒரு சர்தார் வந்து நின்றார். ஒரு சொற்பொழிவும் செய்யவில்லை. 'நாங்களும் உங்களைப் போலத்தான்' என்று ஒரு வசனமும் பேசவில்லை. பொய் பில் போட்டார், மாட்டிக்கொண்டு முழித்தார், பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினார். தபால் இலாகா மாமா சிரித்தாரே, அது தன் ஆபீஸை நினைத்துத்தான். கும்பகோணத்துக்காரர் ஒரு சண்டிகர்க்காரரிடம் தன்னையே பார்த்துச் சிரித்தார். கொடி பிடித்துக் கடைசியில் நிற்கும் நாடகங்கள் செய்யாத தேசிய ஒருமைப்பாடு இது என்பது என் கட்சி.

பிறகு அவர் 'ஃபுல் டென்ஷன்' என்று ஒரு சீரியல் எடுத்தார். 1999-ல் 'மாஹௌல் டீக் ஹை' என்ற பஞ்சாபிப் படத்தை இயக்கினார். போலீஸைப் பற்றிய கிண்டல். மொஹாலியில் நடிப்பும் படக்கலையும் சொல்லித்தரும் பள்ளி நடத்தினார். 2008-ல் மனைவியோடு 'நச் பலியே' நடனப் போட்டியில்கூட ஆடினார். நான்சென்ஸ் கிளப்பை மட்டும் விடவே இல்லை. 2009-ல் விலைவாசி ஏறியபோது சண்டிகரில் ஒரு திருவிழாவில் ஸ்டால் போட்டார். நம்மூர்ப் பொருட்காட்சியில் வளையம் எறிந்து சோப்புப் பெட்டி ஜெயிப்போமே, அதே விளையாட்டு. பரிசுதான் வேறு. காய்கறி, பருப்பு, எண்ணெய்!

எல்லாம் சரி, இந்திப் படங்களில் அவரும் 'காமெடி சர்தார்' வேஷம் கட்டினாரே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006-ல் வந்த 'ஃபனா'வில் அவர் பாத்திரத்தின் பெயரே 'ஜாலி குட் சிங்'. அடுத்தவர் எழுதிய வசனத்தில் அவர் ஏதோ சுருங்கித்தான் போனார் என்று எனக்குத் தோன்றும். பிழைப்புக்கு நடிப்பது ஒன்று, தன் பேனாவில் எழுதுவது இன்னொன்று. ஒருவரை அவர் சொந்தமாக எழுதியதை வைத்து எடை போடுவதுதான் முறை. என் லூதியானா சாப்பாட்டு மேஜையை வைத்து மட்டும் என்னை எடை போட்டால் நான் எங்கே போவேன்?

2012 அக்டோபர் 25. நான் அப்போதும் லூதியானாவில்தான். காலையில் பிராஞ்ச் ஷட்டர் திறக்கும்போதே செய்தி வந்துவிட்டது. மின்வெட்டை வைத்து அவர் எடுத்த 'பவர் கட்' படம் மறுநாள் வெளியாவதாக இருந்தது. மகன்தான் கதாநாயகன். ஊர் ஊராக விளம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே கார் மரத்தில் மோதிவிட்டது. காரை ஓட்டியதும் மகன்தான். மகன் பிழைத்தார். பட்டி போய்விட்டார். 57 வயது.

அன்றைக்கு எங்கள் பிராஞ்சில் விசித்திரமாக ஒன்று நடந்தது. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பிப்பார்கள், ஒரு எபிசோட் ஞாபகம் வரும், சிரித்துவிடுவார்கள். உடனே அமைதியாகிவிடுவார்கள். டெபாசிட் போட வந்த உளுந்து வியாபாரி கவுண்டரில் நின்றபடியே மீட்டிங் எபிசோடை நடித்துக் காட்டினார். எங்கள் பெரியவர் சில மாதங்களுக்கு முன்புதான் ரிட்டயர் ஆகியிருந்தார். போன் பண்ணினேன். "சிடியைத் திருப்பித் தரவே இல்லை நீங்க" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச வரவில்லை. அடுத்த வருடம், 2013-ல், அரசாங்கம் பத்ம பூஷண் கொடுத்தது. ஆயுள் முழுக்க அரசாங்கத்தைக் கிண்டல் செய்தவருக்கு அரசாங்கமே கொடுத்த விருது. இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு எபிசோட் எடுத்திருப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரில் குடும்பம் நடத்துகிற நாம் எல்லாரும் இந்த 'மதராஸி'யைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். 1968-ல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் போட்ட பாட்டு வாத்தியார் வேஷத்தை இன்றைக்கும் நமக்கு நடித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. மெஹ்மூத் பெரிய நடிகர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு வேஷத்துக்கு நாம் இத்தனை வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். 'இதில் என்ன இருக்கிறது, தமாஷ்தானே' என்பார்கள். அதே வாயால் நாம் சர்தார்ஜியைச் சொல்வோம், சேட்டைச் சொல்வோம், வேலைக்கு வந்த பீகாரியைச் சொல்வோம். நம் சினிமாவில் சேட்டு எப்படிப் பேசுகிறார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பற்று நமக்கு மட்டும் இல்லை, வரவும் நம் கணக்கில் இருக்கிறது. டபுள் என்ட்ரி படித்தவன் இதை மறைக்கக் கூடாது.

சட்டம் போட்டுத் தடுக்க முடியுமா? சர்தார்ஜி ஜோக்குகளைத் தடை செய்யச் சொல்லி 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். இதற்கெல்லாம் ஒழுக்க விதி வகுக்க முடியாது என்று 2017-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கும் அதில் சம்மதம்தான். சிரிப்புக்கு போலீஸ் வைத்தால் அதைவிடப் பெரிய ஜோக் கிடையாது. ஆனால் சிரிக்க வைக்கிறவனுக்கு ஒரு கணக்கு இருக்கலாமே. பிறந்த ஊர், பேசும் உச்சரிப்பு, தலையில் கட்டியது, நெற்றியில் இட்டது இதெல்லாம் ஒருவன் சம்பாதித்தது இல்லை. அதற்கு அவனைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் பொய் பில்லில் போடும் கையெழுத்து, மேஜைக்கு அடியில் நீட்டும் கை, வேலையை விட்டு மீட்டிங் போடும் குணம் இதெல்லாம் அவனவன் தேர்ந்தெடுத்தது. அதைச் சிரித்தால் அவனும் திருந்த இடம் இருக்கிறது, நாமும் கண்ணாடி பார்த்த மாதிரி ஆகிறது. ஜஸ்பால் பட்டி செய்தது இவ்வளவுதான். இதுதான் கஷ்டமும். உச்சரிப்பைக் கிண்டல் செய்ய ஒரு 'ஐயோ' போதும். ஆபீஸைக் கிண்டல் செய்ய ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாடகம் என்ன ஆயிற்று? ஸ்கூலுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஃப்ளாப் ஷோ இரண்டு எபிசோட் போட்டேன். (சிடியைப் போட வீட்டில் இப்போது பெட்டி இல்லை, யூட்யூப்தான்.) முதல் பத்து நிமிடம் நெளிந்தான். பிறகு மீட்டிங் எபிசோடில் உருண்டு சிரித்தான். "அப்பா, இது உங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு!" நான் பதில் சொல்லவில்லை. பெரியவர் என்னிடம் செய்ததைத்தான் நானும் செய்தேன், அவ்வளவே.

செவ்வாய்க்கிழமை அவனே மிஸ்ஸிடம் பேசியிருக்கிறான். மதராஸி அங்கிள் இப்போது பேங்க் மேனேஜர். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது, "இதை அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் எடுத்துக்கொள்வோம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வசனத்தை எங்கிருந்து பிடித்தான் என்று கேட்காதீர்கள். ராத்திரி போனில் நான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். குஜராத்தி இன்னும் கஞ்சன்தான், பெங்காலி இன்னும் மீன்தான். பன்னிரண்டு மணி ஜோக்கை மட்டும் மிஸ் எடுத்துவிட்டாராம். மதராஸிக்கு வேட்டி உண்டு, இட்லித் தூக்கு உண்டு. பதினோரு ஐயோவில் பத்து போயிற்று, ஒன்று மிச்சம்.

"அந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டும்ப்பா. தொட்டி உடையறப்ப யாரா இருந்தாலும் ஐயோன்னுதான் சொல்லுவாங்க" என்கிறான்.

அது சரிதான் என்று பட்டது. பாஸ் பண்ணிவிட்டேன்.

விழா அடுத்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மாலை நான்கு மணிக்கு எனக்கு ரிவ்யூ மீட்டிங். லீவு சொல்லிவிட்டேன்.